சால்டரிங் தெரிந்தவர்கள் மட்டும் வரவும்

நான்கு ஆண்டுகளுக்கு முன், எங்கள் மின்னணு ஆர்வலர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகைக்கான அறிவிப்பில் நான் ஒரு வரியைச் சேர்த்தேன். வருகிறவர்களுக்கு அடிப்படை சால்டரிங், அதாவது மின்னணுப் பாகங்களை உருக்கிய ஈயத்தால் பலகையில் பற்றவைக்கும் வேலை, தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்த வரி. கோவையில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியறையில் நாங்கள் கூடுகிறோம். பெயர்ப்பலகையும் கிடையாது, சந்தாவும் கிடையாது. பஞ்சாலை இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. மற்றவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் உண்டு, நாற்பது ஆண்டுகள் டிவி பழுது பார்த்து ஓய்ந்த மெக்கானிக் ஒருவரும் உண்டு. அவரை எல்லோரும் அண்ணன் என்றே அழைக்கிறோம். அறையில் இரண்டு மேசைகள், வெப்பக் கட்டுப்பாடு உள்ள சால்டரிங் ஸ்டேஷன் ஒன்று, ஈயத்தை உருக்கும் 25 வாட் சோல்ட்ரான் அயர்ன் மூன்று, பழைய அலைக்காட்டி ஒன்று ஆகியவை இருக்கின்றன.

அந்த வரியைச் சேர்த்ததற்கு என்னிடம் நியாயம் இருந்தது. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் அயர்னைப் பேனா பிடிப்பதுபோல் முனைக்கு அருகில் பிடித்துச் சுட்டுக்கொள்ளப் பார்த்தார்கள். ஒருவர் பலகையின் செம்புத் தடத்தையே உரித்து எடுத்துவிட்டார். நாங்கள் செய்ய நினைத்த வேலைகள் வாரக்கணக்கில் கிடப்பில் கிடந்தன. கொஞ்சம் பழகிவிட்டு வந்தால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்தேன். அடுத்த மூன்று மாதங்களில் புதிதாக ஒருவரும் வரவில்லை. ஒரே ஒரு பெண் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், சால்டரிங் எங்க போய்க் கத்துக்கறதுங்க?" என்று கேட்டார். வீடியோக்கள் இருக்கின்றன, பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் பிறகு கூப்பிடவே இல்லை. நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன் என்று ஒருவன் சொன்னால் சிரிக்கிறோம். நானோ நீச்சல் தெரிந்தவர்களை மட்டுமே குளத்தில் விடுவேன் என்று கரையில் உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று.

சால்டரிங்கை நுழைவுச்சீட்டாகக் கருதும் வழக்கம் நான் கண்டுபிடித்தது அன்று. இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றிலேயே அது ஊறியிருக்கிறது. 1975 ஜனவரியில் அமெரிக்காவில் அல்டெய்ர் 8800 என்ற கணினி ஒரு மின்னணு இதழின் அட்டையில் வெளிவந்தபோது, அதைச் சுமார் 400 டாலருக்கு உதிரிப் பாகங்களாக வாங்கி, நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் தாமே பற்றவைத்தவர்கள்தாம் அதன் முதல் பயனர்களாக இருந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார் கொட்டகையில் கூடிய ஹோம்பிரூ கணினிக் கழகத்துக்குத் தூண்டுகோலாக இருந்ததும் அந்தக் கணினிதான். கையில் அயர்ன் இல்லாதவருக்கு அன்று கணினியே இல்லை என்பதால், தனியாக ஒரு விதியை எழுதி ஒட்டவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆனால் அந்தக் கழகத்திலேயே அடுத்த ஆண்டு நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஸ்டீவ் வாஸ்னியாக் தாம் வடிவமைத்த கணினியின் வரைபடத்தை அங்கே எல்லோருக்கும் காட்டினார். அவரும் ஸ்டீவ் ஜாப்ஸும் முதலில் பாகங்கள் பொருத்தாத வெறும் பலகையை விற்கத்தான் எண்ணியிருந்தார்கள். வாங்குகிறவர் தாமே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். பால் டெரல் என்ற கடைக்காரர், பாகங்கள் பொருத்தி முடித்த பலகைகளாகக் கொடுத்தால் 50 எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆப்பிள் 1 அப்படித்தான் பிறந்தது. கணினியை வைத்து ஏதாவது செய்ய விரும்புகிறவர்கள், அதைப் பற்றவைக்க விரும்புகிறவர்களைவிட மிக அதிகம் என்பதை அந்தக் கடைக்காரர் 1976இலேயே கண்டுகொண்டிருந்தார். எனக்கு அது 2020க்குப் பிறகும் புரியவில்லை.

இன்று நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. ஆர்டுயினோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு பலகையையும், பாகங்களைத் துளைகளில் செருகும் பிரெட்போர்டு ஒன்றையும், ஒரு கொத்து ஜம்பர் ஒயரையும் வாங்கினால், ஒரு சொட்டு ஈயம் உருகாமலேயே விளக்கை எரியவைக்கலாம், வெப்பத்தை அளக்கலாம், மோட்டாரைச் சுற்றவிடலாம். பிரெட்போர்டு என்ற பெயரே பழைய வானொலி ஆர்வலர்கள் ரொட்டி வெட்டும் மரப்பலகையில் ஆணியடித்துச் சுற்றுகளைக் கட்டியதிலிருந்து வந்தது, 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் கொண்ட இன்றைய வெள்ளைப் பலகை 1970களில் வந்தது. அதற்கும் அடுத்த படியாக, ஸ்பார்க்ஃபன் நிறுவனத்தின் க்விக் முறையில் நான்கு கம்பிகள் கொண்ட சிறு இணைப்பானைச் செருகினாலே போதும், சென்சாரும் பலகையும் பேசிக்கொள்ளும்.

இவற்றைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் எங்கள் அறையிலும் இருந்தார்கள். அவர்களிடம் நான் லிலிபேட் பலகையைச் சொல்வதுண்டு. லியா பியூக்லி வடிவமைத்து 2007இல் விற்பனைக்கு வந்த அந்த வட்டமான ஆர்டுயினோவை ஈயத்தால் பற்றவைப்பதற்குப் பதிலாக, மின்சாரம் கடத்தும் நூலால் துணியில் தைத்துவிடலாம். அதில் செய்யப்பட்டு வெளிவந்த படைப்புகளைப் பிறகு அவரும் உடன் பணியாற்றியவரும் ஆராய்ந்தபோது, அவற்றைச் செய்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள் என்று கண்டார்கள். வழக்கமான ஆர்டுயினோவில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. உள்ளே இருக்கும் சில்லு ஏறக்குறைய அதே வகையைச் சேர்ந்தது, நிரல் எழுதும் முறையும் அதேதான். அயர்னின் இடத்தில் ஊசி வந்தது. உடன் ஆட்களும் மாறினார்கள். சால்டரிங் என்ற நிபந்தனை யாரை வெளியே நிறுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

இப்படியெல்லாம் சொல்வதால் சால்டரிங்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். அது தெரியாமல் இருப்பதன் விலை என்ன என்பதை ஒரு மாணவியின் மூலம்தான் நான் கண்ணெதிரே கண்டேன்.

அவர் சிவில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். பழைய சுவர்கள் மெல்லச் சாய்வதை அளந்து பதிவு செய்யும் கருவி ஒன்றைச் செய்ய அவருக்கு ஆசை. என் அறிவிப்பைப் படிக்காத ஒரு தோழி கையைப் பிடித்து அழைத்துவந்ததால்தான் மாடியேறினார். படித்திருந்தால் வந்திருக்க மாட்டார். எம்பியு-6050 என்ற சாய்வு சென்சார் அவர் வாங்கியிருந்தது. அந்தப் பலகையோடு பெர்க் ஸ்ட்ரிப் எனப்படும், எட்டு உலோகக் கால்கள் கொண்ட பட்டை ஒன்றும் அதே நெகிழி உறையில் தனியாகக் கிடக்கும். வாங்குகிறவர்தான் அதைப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும் என்று உறையில் எங்கும் எழுதியிருக்காது. அவர் ஸ்ட்ரிப்பைப் பிரெட்போர்டில் குத்தி, அதன் கால்களின் மேல் சென்சார் பலகையைத் தொப்பி போல் மாட்டியிருந்தார். மின்சாரம் கொடுத்ததும் பலகையிலிருந்த சிறு எல்இடி எரிந்தது. விளக்கு எரிகிறதே, எனவே இணைப்பு சரி என்று அவர் முடிவு செய்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்வார்கள். ஆனால் சென்சார் எந்த முகவரியில் இருக்கிறது என்று தேடும் நிரலை ஓட்டினால், ஒன்றுமே இல்லை என்று விடை வந்தது. இரண்டு வாரங்களாக நிரலை மாற்றியிருக்கிறார், நிரலோடு சேர்க்கும் ஆயத்த நிரல் தொகுப்புகளை மாற்றியிருக்கிறார், கடைக்குப் போய் இன்னொரு சென்சாரும் வாங்கியிருக்கிறார்.

அண்ணன் நிரலைப் பார்க்கவே இல்லை. ஆள்காட்டி விரலால் சென்சார் பலகையின் ஓரத்தை லேசாக அழுத்தினார். திரையில் முகவரி வந்தது. விரலை எடுத்தார்; போய்விட்டது. மறுபடி அழுத்தினார், வந்தது. அந்தப் பெண் திரையையும் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரக் கால்கள் இரண்டும் துளையின் ஓரத்தில் எப்படியோ உரசிக்கொண்டிருந்ததால் விளக்கு எரிந்திருக்கிறது. தகவல் செல்லும் கால்கள் இரண்டும் சரியாகத் தொடவில்லை. பிரச்சினை மொத்தமும் எட்டுப் புள்ளி ஈயத்தில் இருந்தது.

அடுத்த பத்து நிமிடங்கள் நடந்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். முதல் காலை அண்ணன் பற்றவைத்துக் காட்டிவிட்டு, அயர்னை அவரிடம் கொடுத்தார். இரண்டாவது காலில் அவர் ஈயத்தை நேராக அயர்ன் முனையில் கொண்டுபோய் வைத்தார். புதிதாகப் பிடிக்கிற எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். "ஈயத்த அயர்ன்ல காட்டாத கண்ணு. காலையும் பேடையும் ஒண்ணாச் சூடு பண்ணு, ரெண்டு எண்ணு, அப்புறம் எதிர்ப்பக்கம் இருந்து ஈயத்தக் குடு. அதுவே இழுத்துக்கும்" என்றார் அண்ணன். பேட் என்பது பலகையில் காலைச் சுற்றியுள்ள உலோக வட்டம். மூன்றாவதில் ஈயம் உருகிக் காலைச் சுற்றி ஓடிப் பளபளவென்று கோபுரம் போல் சரிந்து நின்றது. நான்காவதில் அவசரப்பட்டார், ஈயம் பேடில் ஒட்டாமல் மழைத்துளி போல் உருண்டு நின்றது. "இதுதான் டிரை சால்டர். இத வெச்சுத்தான் நாங்க நாப்பது வருசம் சோறு தின்னோம்" என்று சிரித்துவிட்டு, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸைக் கொஞ்சம் தடவி மறுபடி சூடாக்கச் சொன்னார். பழைய பெட்டி டிவிகளில் சூடேறும் டிரான்ஸ்பார்மர்களின் கால்களைச் சுற்றி ஈயம் மெல்லிய வளையமாக விரிசல் விடுவதும், திரை விட்டு விட்டு அணைவதும், மெக்கானிக் வந்து ஒரு தொடு தொட்டதும் சரியாவதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கடைசி நான்கு கால்களை அந்தப் பெண் யாரும் சொல்லாமலே முடித்தார். சென்சார் வேலை செய்தது.

எனக்கு அன்று இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் விளங்கின. சால்டரிங் தெரியாததால் அந்தப் பெண் இரண்டு வாரங்களை இழந்திருந்தார். அதைக் கற்றுக்கொண்டு வா என்று நான் எழுதி வைத்த வரி, அவருக்குப் பத்து நிமிடத்தில் அதைக் கற்றுக்கொடுத்திருக்கக்கூடிய ஒரே இடத்தின் கதவை அடைத்து வைத்திருந்தது.

நிரல் எழுதுவதைத் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். ஓம் விதியை நூலில் படிக்கலாம். சால்டரிங் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது கைப்பழக்கம், பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்துத் திருத்தவேண்டிய வித்தை. நான் தனியாகக் கற்றவன் என்பதால் இதைத் துணிந்து சொல்கிறேன். பாலிடெக்னிக் நாட்களில் இரண்டு ஆண்டுகள் நான் ஈயத்தை முனையில் உருக்கி, அதைச் சொட்டாகச் சுமந்துபோய் இணைப்பில் வைத்துக்கொண்டிருந்தேன். ஈயக் கம்பியின் உள்ளேயே குழல் போல் ஃப்ளக்ஸ் இருக்கிறது என்பதும், முனையில் உருக்கியவுடன் அது புகையாகப் போய்விடுவதால் இணைப்புக்கு வெறும் உலோகம்தான் போய்ச் சேருகிறது என்பதும் எனக்குத் தெரியாது. ஒட்டவில்லையே என்று தகர வேலைக்குப் பயன்படும் அமிலப் பேஸ்டை வாங்கித் தடவினேன். அருமையாக ஒட்டியது, இரண்டு மாதத்தில் செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரித்துப்போயின. பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் தீர்ந்திருக்கும்.

நம் ஊருக்கு இதன் அடிப்படை புதிதும் அன்று. பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவதும் இதே வேலைதான்; இணைக்கவேண்டிய இடத்தில் பற்றுப்பொடியையும் வெண்காரத்தையும் வைத்து, ஊதுகுழலால் சுடரைச் செலுத்துவார். வெண்காரம் செய்வதை இங்கே ஃப்ளக்ஸ் செய்கிறது. தெருவில் 'ஈயம் பூசறது' என்று கூவி வந்தவர் பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவியதும், உலோகத்தின் மேல் படிந்த அழுக்குப் படலத்தை நீக்கி ஈயம் பரவ வழி செய்யத்தான். சூடான அயர்னின் முனையில் ஈயத்தைத் தடவிக் காப்பாற்றுவதையும் அண்ணன் 'ஈயம் பூசி வைக்கிறது' என்றே சொல்கிறார். இந்த வித்தைகளை அப்பன் பிள்ளைக்கும், மேஸ்திரி பையனுக்கும் பட்டறையில் உட்காரவைத்துத்தான் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டு பட்டறைக்கு வா என்று எந்த மேஸ்திரியும் சொன்னதில்லை.

பயம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரை அறிவிப்பைவிட அதிகமாகத் தடுப்பது அதுதான். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயமில்லாத கம்பிகளில் வழக்கமானவை சுமார் 217 டிகிரியிலோ அதற்கு மேலோ உருகும். அயர்ன் முனையை 330, 350 டிகிரியில் வைத்து வேலை செய்கிறோம். அந்த வெப்பத்தில் காரீயம் ஆவியாகி நெஞ்சுக்குள் போய்விடுவதில்லை. மூக்கில் ஏறும் வெண்புகை ஃப்ளக்ஸில் உள்ள குங்கிலியம் போன்ற பிசினின் புகை. ஆஸ்துமா உள்ளவர்களை அது நிச்சயம் படுத்தும், மற்றவர்களும் நெடுங்காலம் சுவாசிப்பது நல்லதன்று, எனவே சன்னலையும் விசிறியையும் கணக்கில் வைத்தே மேசையைப் போடவேண்டும். காரீயம் உடலுக்குள் போகும் வழி கையும் வாயும்தான். எங்கள் அறையில் முறுக்குத் தட்டு மேசைக்கு வரக்கூடாது, கை கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடக்கூடாது என்பவை கடுமையான விதிகள். நுழைவதற்கு விதி வைத்தவன் தின்பதற்கு விதி வைத்திருந்தால் முதலிலேயே பயனாக இருந்திருக்கும்.

மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பிரெட்போர்டோடு நின்றுவிட்டவர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் போகமுடியாமல் முட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் உழைத்துச் செய்த ரோபோவைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போட்டிக்குப் போன மாணவர்கள், இறங்கியபோது எந்த ஒயர் எந்தத் துளையில் இருந்தது என்று தெரியாமல் விழித்தார்கள். அதிர்வு மட்டும் சிக்கலில்லை. பிரெட்போர்டின் பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு இடையே சில பிகோஃபாரட் என்ற மிகச் சிறிய மின்தேக்கம் இருக்கிறது. விளக்கெரிக்கும் சுற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வானொலி அலைவரிசையில் அது சுற்றையே மாற்றிவிடும். 14 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒன்றை அந்த வெள்ளைப் பலகையில் கட்ட முயன்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். பழுது பார்க்கும் வேலையோ அயர்ன் இல்லாமல் தொடங்கவே தொடங்காது.

14 மெகாஹெர்ட்ஸ் என்றதும் ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹானை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்ளும் அமெச்சூர் வானொலி உலகில் அவருடைய அழைப்புக்குறி வியு2இஎஸ்இ. 2000களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட பிட்எக்ஸ் என்ற, 14 மெகாஹெர்ட்ஸில் அனுப்பவும் பெறவும் உதவும் டிரான்ஸீவர் வடிவமைப்பில், இங்கே எளிதில் கிடைக்காத டொராய்டு வளையங்களுக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயின் வாஷர்மேல் கம்பி சுற்றலாம் என்று காட்டியிருந்தார். சாதாரண டிரான்சிஸ்டர்களால் கட்டக்கூடிய அதை உலகெங்கும் எத்தனையோ பேர் கையால் பற்றவைத்தார்கள். பிறகு 2016இன் இறுதியில் பிட்எக்ஸ்40 வந்தது. பாகங்கள் பொருத்தப்பட்ட பலகையாகவே அது வந்தது. ஒலிபெருக்கி, மைக், ஆண்டெனா போன்றவற்றை இணைத்துப் பெட்டியில் வைத்தால் போதும். பற்றவைப்பதற்குச் சில இடங்களே மிச்சம். வந்தவர்கள் அதோடு நின்றார்களா? உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் வகையில் வரைபடம் திறந்திருந்ததால், பலகையை வாங்கியவர்கள் அதைக் குடைந்து, மாற்றி, மேம்படுத்தத் தொடங்கினார்கள். கதவை அகலமாகத் திறந்தால் உள்ளே ஆழம் குறைந்துவிடும் என்று என்னிடம் வாதாடும் நண்பர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பலகையைத்தான்.

ஆகவே என் முடிவு இப்போது இது. சேருவதற்குச் சால்டரிங் தேவையில்லை. சேர்ந்த பிறகு அது வேண்டும், சீக்கிரமே வேண்டும். ஆனால் அதைக் கற்பிக்கும் பொறுப்பு ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுடையது. சொந்தமாக அயர்ன் வாங்கவேண்டும் என்றுகூட முதல் மாதத்தில் யாரிடமும் சொல்வதில்லை. வாங்குகிறவர்களிடம், சில நூறு ரூபாய் 25 வாட் அயர்னே போதும், கம்பியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று சொல்கிறோம். மட்டமான ஈயத்தோடு மல்லுக்கட்டித் தன் கையே சரியில்லை என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம். ஒருபோதும் பற்றவைக்கவே விரும்பாதவர்களுக்கும் இடமுண்டு. எங்கள் அறையில் மிகச் சிறப்பாக நிரல் எழுதுகிறவர் இன்றுவரை அயர்னைத் தொட்டதில்லை. அவர் கை நடுங்கும். அவருடைய பலகைகளை அண்ணன் பற்றவைக்கிறார், அண்ணனுடைய கைப்பேசியை அவர் சரிசெய்து கொடுக்கிறார்.

அந்த வரியை அறிவிப்பிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்த புதிதில் எதிர்த்திசையில் ஒரு தவறு செய்தேன்: புதிதாக வருகிறவர்கள் சிரமப்படக்கூடாது என்று, கூட்டத்துக்கு முந்தைய இரவே எல்லா சென்சார்களுக்கும் நானே பெர்க் ஸ்ட்ரிப் பற்றவைத்து அடுக்கிவைத்தேன். வந்தார்கள், செருகினார்கள், வேலை செய்தது, போனார்கள். யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அண்ணன் பாதி நேரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

இப்போது பெட்டியில் இரண்டு பிரிவுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் கால் வைத்த சென்சார்கள், இன்னொன்றில் கால் வைக்காதவை. எதை எடுப்பது என்று நான் சொல்வதில்லை. போன ஞாயிறு வந்த இருவரில் ஒருவர் கால் வைத்ததை எடுத்துக்கொண்டு நேராக மடிக்கணினியிடம் போனார். இன்னொருவர் கால் வைக்காததை எடுத்து, அந்தக் கறுப்பு ஸ்ட்ரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க?" என்று கேட்டார். அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்தார்.